வாயால் தொங்கிய கடதாசி மீன்கள்

எங்கள் வீட்டு முன்னறைக்குச் சீலிங் அடிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கதைத்துக் கதைத்து, ஒருவழியாகப் போன மாதம்தான் அதற்கு வேளை வந்தது. வேலை செய்கிறவர்கள் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அறையை ஒழித்துக் கொடுக்க வேண்டும். நானும் என் கணவரும் மகளுமாக அலுமாரியை நகர்த்தினோம், கதிரைகளை விறாந்தைக்குக் கொண்டுபோனோம், சுவரில் இருந்த படங்களைக் கழற்றினோம். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால், தகரக் கூரைக்குக் கீழே வளை மரத்தில் ஒரே ஒரு சாமான் மட்டும் மிஞ்சித் தொங்கிக்கொண்டிருந்தது.

தென்னோலை ஈர்க்கு மூன்று, கடதாசி மீன் நான்கு, நடுவில் ஒரு கடதாசிக் கப்பல். நீளமான ஈர்க்கு மேலே. அதன் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு சின்ன ஈர்க்கு, ஒவ்வொரு சின்ன ஈர்க்கிலும் இரண்டிரண்டு மீன். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து மெதுவாகச் சுற்றும். மீன்கள் மட்டும் நீந்துகிற மாதிரிக் கிடையாகத் தொங்காமல், வாயில் கயிறு கோத்து, தலை மேலும் வால் கீழுமாகத் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன ரீச்சர், கடதாசியிலயும் கருவாடு போடுறீங்களோ?" என்று கேட்பார்கள். நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். அது ஏன் அங்கே தொங்குகிறது என்று பதினேழு வருடமாக நான் யாருக்கும் சொன்னதில்லை. முக்கியமாக என் மகளுக்குச் சொன்னதில்லை.

அவள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பேக்கரியில் வாங்குகிற இறாத்தல் பாண் மூன்றை ஒன்றாக வைத்தால் என்ன பாரமோ, அவ்வளவுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு இரண்டு மாதம் கிடந்தாள். நான் பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டு அவளுடைய காலை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பேன். பிறகு பாரம் ஏறி, பால் குடிக்கப் பழகி, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். இனி எல்லாம் சரி என்று நான் நினைத்த அன்றுதான், கண்ணைக் காட்ட வெளியூருக்குக் கொண்டுபோகச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். நாள் வருமுன் பிறந்து, கனநாள் ஒக்சிசனில் இருந்த பிள்ளைகளுக்குக் கண்ணின் உள்பக்கம் பழுதாகலாமாம்.

அங்கே கண் டொக்டர் பிள்ளையின் கண்ணை விரித்து, வெளிச்சம் அடித்து, நெடுநேரம் பார்த்தார். "இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது. மூண்டு கிழமை கழிச்சுக் கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் பாக்கிறாவா எண்டு வீட்டிலயும் கவனியுங்கோ" என்றார். பிள்ளைக்குக் கண் தெரியுமா, தெரியாதா? இந்த ஒரு கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

காது கேட்கும் என்பது தெரியும். எங்கள் வீடு உள்துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிறது. நங்கூரம் தூக்கும் கப்பல் ஊதினால் பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடும். கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் அந்தப் பக்கம் திரும்பும். ஆனால் அதே கிலுகிலுப்பையைச் சத்தமில்லாமல் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோனால் ஒன்றும் நடக்காது. பெரிய கண்கள் திறந்தபடியே இருக்கும். அவை எதைப் பார்க்கின்றன என்று எனக்குப் பிடிபடவேயில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் பகுதி மிட்வைஃப் வந்தார். சம்பூர்ப் பக்கத்து மனுசி. மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து, விறாந்தையில் நின்று தண்ணீரை உதறிவிட்டு உள்ளே வந்தவர், என் கையில் இருந்த கிலுகிலுப்பையை வாங்கி அப்பால் வைத்தார்.

"இது காதுக்கு. கண்ணுக்குச் சத்தமில்லாத சாமான் வேணும். கறுப்பும் வெள்ளையுமா, லேசா அசையிற மாதிரி ஏதும் செய்து, ஒண்டரைச் சாண் உயரத்தில தொங்க விடுங்கோ. கண் அதுக்குப் பின்னால போகுதோ எண்டு பாருங்கோ. நீங்கள் ரீச்சர்தானே, இது உங்களுக்குப் பெரிய வேலையே?"

பெரிய வேலை இல்லைதான். நான் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். கப்பல், கத்திக்கப்பல், தொப்பி, பறவை, மீன் என்று எந்தக் கடதாசி கையில் கிடைத்தாலும் ஏதாவது மடித்துவிடுவேன். பாடசாலையில் இதற்காக எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அன்று மிட்வைஃப் போனதும், சுவரில் இருந்த நகைக்கடைக் கலண்டரைக் கழற்றினேன். முடிந்துபோன மாதங்களைக் கிழித்துப் பின்பக்கத்தைப் பார்த்தால் நல்ல தடிப்பான வெள்ளைக் கடதாசி. சதுரமாக வெட்டினேன். மூலைக்கு மூலை மடித்து விரித்தேன். இரண்டு பக்கத்தையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, வாலை மடக்கிப் பின்னால் விட்டேன். மீன் வந்துவிட்டது. பெரிய கறுப்பு மார்க்கரால் உடம்பு முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு போட்டேன். மடிப்புப் பிரியாமல் இருக்கக் கோதுமை மாவில் பசை காய்ச்சி விளிம்புகளை ஒட்டினேன்.

என் கணவர் அப்போது வீட்டில்தான் இருந்தார். அவர் கடலுக்குப் போகிறவர், இறக்கக்கண்டியில் வள்ளங்களோடு வளர்ந்தவர். அது வாடைக் காலம். கடல் கொந்தளிப்பு என்று படகைக் கரையில் ஏற்றிவிட்டு, விறாந்தையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துவார். பிள்ளையின் கண்ணைப் பற்றி நான் கதை எடுத்தால் போதும், "அவள் பாப்பாள்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கேள்வியால் செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுசன் முடிந்த கதை மாதிரிச் சொல்கிறாரே என்று.

அன்று மீனைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன மீன்?"

"கடதாசி மீன்."

"இப்பிடிப் பட்டை போட்ட மீன் நான் ஒருநாளும் கண்டதில்லை, ரீச்சர்."

எனக்கு ஏதாவது பிடிக்காத மாதிரிச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் அவருக்கு நான் ரீச்சர். நான் நான்கு மீனையும் ஒரு கப்பலையும் விறாந்தைத் திண்ணையில் வரிசையாகக் காயவைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போனேன்.

திருகோணமலை டவுனில் இருக்கிறவர்கள் யாரும் செய்யாத பிழை அது. எனக்குப் பிறந்த ஊர் திரியாய். கலியாணம் முடித்து இங்கே வந்து அப்போது மூன்று வருடம்தான். இங்கே மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும், பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும், கடை வாசலில் மழைக்கு ஒதுங்கும் என்பதெல்லாம் தெரியும். கடதாசி என்றால் அவற்றுக்கு உயிர் என்பதையும் கண்டிருக்கிறேன். ஆனால் அன்று என் மூளை வேலை செய்யவில்லை. மழைக்கு விறாந்தையில் ஏறின இரண்டு மான், மாப்பசை போட்ட மீனை விடுமா? நான் திரும்பி வந்தபோது பெண்மானின் வாயில் கடைசி மீனின் வால் மட்டும் தெரிந்தது. மற்றது எஞ்சியிருந்த கலண்டரின் நகைக்கடைப் படத்தை மென்றுகொண்டிருந்தது. இவர் வலையோடு அங்கேயே இருந்தவர். அவற்றைக் கலைக்காமல் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"மானுக்குப் பிடிச்சிருக்கு. அப்ப அது நல்ல மீன்தான்."

நான் அங்கேயே நிலத்தில் இருந்து அழுதேன். பகிடியாக எடுக்க வேண்டிய விடயம்தான். வேறு நாளென்றால் நானும் சிரித்திருப்பேன். அன்று என்னால் ஏலாமல் போனது. இவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, எழும்பி மழைக்குள் போனார். அரை மணித்தியாலத்தில் நனைந்துகொண்டு வந்தார். சட்டைக்குள் பொலித்தீன் பையில் சுற்றிய கலண்டர்கள் நான்கு இருந்தன. அயல் வீடுகளில் கேட்டு வாங்கியிருக்கிறார். வருடம் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் கலண்டரைக் கழற்றித் தரச்சொல்லிக் கேட்க அவர் என்ன காரணம் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நீ மடி. கட்டுறது என்ர வேலை" என்றார்.

அங்கேதான் அடுத்த பிரச்சினை தொடங்கியது. ஈர்க்கு என்பது ஒரே தடிப்பான சாமான் இல்லை. அடி தடிப்பு, நுனி மெல்லிசு. நடுவில் பிடித்துத் தூக்கினால் அடிப்பக்கம் சரியும். ஆகவே நூலைத் தளர்வாகக் கட்டி, அங்கும் இங்கும் தள்ளித் தள்ளி, சமநிலை வருகிற இடத்தில் நிறுத்த வேண்டும். இதை நான் வகுப்பில் எத்தனையோ தரம் செய்திருக்கிறேன். இவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கயிறும் முடிச்சும் அவருடைய தொழில் அல்லவா? சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால், மூன்று ஈர்க்கிலும் நட்ட நடுவில் தங்கூசியால் கட்டி முடித்திருந்தார். தங்கூசி என்றால் மீன் வலை பின்னுகிற நைலோன் நூல். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கி, நுனியைத் தீக்குச்சியால் உருக்கியும் விட்டிருந்தார். நான் நகத்தால் தள்ளிப் பார்த்தேன். ஒரு மயிரளவும் அசையவில்லை.

"இதை எப்பிடித் தள்ளுறது?"

"ஏன் தள்ளவேணும்?"

"சரிஞ்சு போய் நிக்குது, கண் தெரியேல்லையே உங்களுக்கு?"

கண் தெரியவில்லையா என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் பிள்ளை கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தோம். பிறகு அவர்தான் மெதுவாகச் சொன்னார். "தள்ளுப்படுற முடிச்சு எனக்குக் கட்டத் தெரியாது. கடலில அப்பிடிக் கட்டினால் வலை போயிடும்."

அதோடு முடியவில்லை. மீன்களைப் பார்த்தேன். நான்கையும் வாயில் துளை போட்டு, அங்கே தங்கூசியைக் கோத்திருந்தார். நான் நினைத்தது முதுகில் கட்டி, தண்ணீருக்குள் நீந்துகிற மாதிரித் தொங்கவிட. இவர் கட்டியது கரையில் மீனைக் கோத்துத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி. அவர் பிறந்த நாள் முதல் மீனை அப்படித்தான் கண்டிருக்கிறார். மீனைத் தூக்குவதென்றால் வாயால்தான் தூக்குவது என்று அவருடைய கைக்கே பழகிப்போயிருந்தது.

"பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் செய்யச் சொன்னால், சந்தைக்கு மீன் கொண்டுவந்திருக்கிறீங்கள்."

"முதுகில கட்டித் தொங்கிற மீனை நீ எங்கயாவது கண்டிருக்கிறியா?"

கண்டதில்லைதான். ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? இரண்டு பேரும் நன்றாகப் பிடுங்குப்பட்டோம். முடிச்சை அவிழ்க்க வழியில்லை. வெட்டினால் மீனின் வாய் கிழியும். கடைசியில் இவர் ஈர்க்கைக் கையில் எடுத்து, யோசித்துக்கொண்டு இருந்துவிட்டு, மேசை லாச்சிக்குள் இருந்த நகவெட்டியை எடுத்தார். சரிந்த பக்கத்தில் கட்டுக்கு வெளியே நீண்டிருந்த நுனியில் கொஞ்சம் வெட்டினார், தூக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் வெட்டினார், மறுபடியும் தூக்கிப் பார்த்தார். நகம் வெட்டுகிற சத்தம்தான் அன்று பின்னேரம் முழுக்க வீட்டில் கேட்டது. முடிச்சைத் தள்ள ஏலாது என்றால் ஈர்க்கைக் குறைக்கலாம் என்பது எனக்கு வராத யோசனை. பொழுதுபடுமுன் மூன்று ஈர்க்கும் கிடையாக நின்றன. நான்கு மீனும் வாயால் தொங்கியபடி சுற்றின. நான் பாராட்டவில்லை. மனதுக்குள் மட்டும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

முன்னறை வளையில் நீளமாக ஒரு நூல் விட்டு அதைத் தொங்கவிட்டோம். கீழே பாயில் மெத்தை போட்டுப் பிள்ளையைக் கிடத்தினோம். நான் பக்கத்தில் முழங்காலில் நின்று, குனிந்து அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். மீன் இடப்பக்கம் போகும், கண் அப்படியே நிற்கும். மீன் வலப்பக்கம் வரும், கண் அப்படியே நிற்கும். சில நேரம் கண் அசையும், நான் இன்னும் குனிவேன், ஆனால் அது மீன் போன பக்கமாக இருக்காது. மீன் ஒரு பக்கம், கண் வேறொரு பக்கம்.

வாடைக் காற்றின் ஈரத்தில் கடதாசி ஊறித் தொய்ந்துவிடும். ஒவ்வொரு நாள் காலையும் அதை இறக்கி, மேசையில் கட்டோடு கிடத்தி, அயர்ன் பெட்டியால் மீன்களை அழுத்துவேன். "உலகத்தில மீனுக்கு அயர்ன் போடுற ஒரே பொம்பிளை நீதான்" என்பார் இவர். நான் சிரிக்கமாட்டேன். ஒரு கிழமை போனது, இரண்டாவது கிழமையும் போனது. கலண்டர் எல்லாவற்றையும் மீனாக்கிவிட்டதால் நாட்களை விரலில்தான் எண்ணினேன்.

ஒருநாள் பொறுமை முற்றாக அற்றுப்போனது. "மீன் மாதிரித் தொங்கினால்தானே பாக்கும்? உங்கட செத்த மீனை எந்தப் பிள்ளை பாக்கும்?" என்று கத்திவிட்டேன். நியாயமில்லாத கதை என்று வாயைத் திறக்கும்போதே தெரியும். ஆனால் யார் தலையிலாவது போட வேண்டும் போல இருந்தது.

இவர் வலையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "நீ குளிக்கப் போற நேரமெல்லாம் நானும் விரலை ஆட்டி ஆட்டிப் பாக்கிறனான்" என்றார். "எனக்கும் பயம்தான். சொன்னால் நீ இன்னும் பயப்பிடுவாய் எண்டுதான் சொல்லேல்லை." அவர் என் முகத்தைப் பார்க்காமல் வலைக்கண்ணைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். இத்தனை நாளும் அவருடைய இரண்டு சொல்லைக் கேட்டு நான் எவ்வளவு எரிச்சல்பட்டேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்தோம். காற்று வராத நேரம் மீன்கள் அசையாமல் நிற்கும் என்பதால், அவர் நீள ஈர்க்கின் நுனியில் இன்னொரு தங்கூசியைக் கட்டி, மறுபக்கம் நிலத்தில் சரிந்து படுத்துக்கொண்டு, தூண்டில் இழுக்கிறவர் மாதிரி ஒரு விரலால் இழுத்து இழுத்து விடுவார்.

டொக்டரிடம் போக இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று விடிந்ததிலிருந்து மழை. மத்தியானம் அது இன்னும் பலத்து, தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அப்படி மழை பெய்தால் பக்கத்தில் இருந்து கத்தினாலும் கேட்காது. நான் வழக்கம்போலப் பிள்ளைக்கு மேலே குனிந்து நின்றேன். இவர் வழக்கம்போலப் படுத்தபடி நூலை இழுத்தார். திடீரென்று உலையில் அரிசி போட்டது நினைவு வந்து, எழும்பிக் குசினிக்கு ஓடி, அடுப்பைத் தணித்துவிட்டு வந்தேன். வந்து குனிந்தால், இவர் நூலை விட்டுவிட்டு எழும்பியிருந்து என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். திரும்பிப் போ என்று.

"ஏன்?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே என் குரல் கேட்கவில்லை.

மறுபடியும் கையை அசைத்தார். கடலில் எஞ்சின் சத்தத்துக்குள் வாய்க்கதை எடுபடாது. படகின் முன்னணியத்தில் நிற்கிறவர் பின்னால் எஞ்சின் பிடிக்கிறவருக்குக் கையால்தான் எல்லாம் காட்டுவார். வலக்கையை நீட்டினால் அந்தப் பக்கம், இடக்கையை நீட்டினால் இந்தப் பக்கம், உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. எனக்கு அதையெல்லாம் காட்டித் தந்து அவர் முன்பு பகிடி பண்ணியிருக்கிறார். இப்போது அதே மாதிரி வலக்கையை நீட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் யன்னல் பக்கம் போனேன். உள்ளங்கையை விரித்தார். நின்றேன். இடக்கையை நீட்டினார். அலுமாரிப் பக்கம் வந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் தலையை வைத்துக்கொண்டு, அவளை மட்டுமே பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டிருந்தார். மறுபடி யன்னல், மறுபடி அலுமாரி. என் பொறுமை போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றுவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் கலங்கிப்போயிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்து நிலத்தில் இருத்தி, காதுக்குள் வாயை வைத்துச் சொன்னார்.

"பிள்ளை மீனைப் பாக்கேல்லையடி. உன்னைப் பாக்குது. நீ போற பக்கமெல்லாம் கண் வருது."

"சத்தத்துக்குத் திரும்புது" என்று நானும் அவருடைய காதுக்குள் கத்தினேன். ஆசைப்பட்டு ஏமாற எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அவர் விரலை மேலே காட்டினார். தகரத்தில் மழை இடித்துக்கொண்டிருந்தது. இந்த மழைக்குள் எந்தப் பிள்ளைக்கு என் காலடி கேட்கும்?

பிறகு அவர் எழும்பினார், நான் அவர் படுத்திருந்த இடத்தில் படுத்தேன். பிள்ளையின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் யன்னலடிக்குப் போனார். இரண்டு கறுத்தக் கண்ணும் மெதுவாக, கொஞ்சம் பிந்தி, யன்னலடிக்குப் போயின. அலுமாரியடிக்கு வந்தார். கண்களும் தயங்கித் தயங்கி அலுமாரியடிக்கு வந்தன. தலைக்கு மேலே நான்கு மீனும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பொருட்படுத்தவேயில்லை.

இரண்டு கிழமையாக நான் செய்த பிழை அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை மீனைப் பார்க்கிறாளா என்று அறிய, நான் என் முகத்தைக் கொண்டுபோய் அவளுக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மீன் இடப்பக்கம் போனால் மறைக்காமல் வலப்பக்கம் விலகியிருக்கிறேன். அவள் என்னோடு வலப்பக்கம் வந்திருக்கிறாள். அதைத்தான் நான், மீன் ஒரு பக்கம் கண் வேறொரு பக்கம் என்று அழுதிருக்கிறேன். நான் அவளைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சத்தம் வைத்து அழுதேன். அந்த மழையில் அது யாருக்கும் கேட்டிருக்காது. குசினியில் சோறு அடிப்பிடித்து மணந்தது. அன்று அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியாக நான் பிறகு ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

மூன்று நாள் கழித்து டொக்டரும் அதைத்தான் சொன்னார். பார்வை இருக்கிறது, வளர வளரக் கண்ணாடி வேண்டிவரும் என்றார். மூன்று வயதிலேயே போட்டோம். சோடாப் போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு அவள் படிக்காத புத்தகம் இல்லை. மீன்களை நான் எடுத்து எறியப் பார்த்தேன். இவர்தான் விடவில்லை. அடுத்த கோடையில், கச்சான் காற்று வீசுகிற காலத்தில், வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய வார்னிஷைக் கொண்டுவந்து நான்குக்கும் இரண்டு தரம் பூசினார். வெள்ளைக் கடதாசி தேன் நிறமானது. அதற்குப் பிறகு எந்த வாடைக்கும் அவை தொய்ந்ததில்லை.

அன்று முன்னறையை ஒழித்த சனிக்கிழமை, இவர் கதிரையில் ஏறி நின்று, வளையில் போட்ட முடிச்சை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது, பல்லும் இரண்டு இல்லை. ஆனால் முடிச்சு அன்று உருக்கிவிட்ட மாதிரியே இருந்தது. "ஆர் இதைக் கட்டினது?" என்று தன்னையே ஏசிக்கொண்டார். மகள் கீழே நின்று, மீன்கள் நிலத்தில் விழாமல் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவள் படிப்புக்காக வெளியூர் விடுதிக்குப் போகிறாள். வீட்டில் ஒவ்வொரு சாமானையும் எடுத்து எடுத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு அண்மையில்தான் வந்திருக்கிறது.

கடைசியில் இவர் கத்தியால் நூலை வெட்டினார். எல்லாம் சேர்ந்து அவளுடைய கைக்குள் விழுந்தன. அவள் ஒரு மீனைத் தூக்கி, கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வாயில் இருந்த முடிச்சையும் மங்கிப்போன பட்டைகளையும் பார்த்தாள்.

"அம்மா, சின்னனில நான் இதையே பாத்துக்கொண்டு கிடந்தனான்?"

"இல்லை" என்றேன். "நீ ஒருநாளும் இதைப் பாக்கேல்லை."

கதிரையின் மேலே நின்ற மனுசன் கத்தியை மடக்குவது போல எங்கேயோ பார்த்துக்கொண்டார்.

"அப்ப எதைப் பாத்தனான்?" என்று கேட்டுவிட்டு, மீனைக் கீழே வைத்து, நான் சொல்லப்போகும் பதிலுக்காக அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.